பப்பாளிக்கு ஆறு எழுத்து

நான்காவது நாளாகக் குறுக்கெழுத்து வரவில்லை.

ஹப்சாரி 'சுலுஹ் பெசிசிர்' நாளிதழின் ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். கட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்காயைக் கருகாமல் வதக்குவது எப்படி என்று போட்டிருந்தார்கள். நேற்று நெத்திலி. அதற்கு முந்தின நாள் மரவள்ளிக்கிழங்கு.

"கத்தரிக்காய் வதக்கத் தெரியாதவ எவளாவது காலங்காத்தால காசு குடுத்து பேப்பர் வாங்குவாளா?" என்று கத்தியபடி பத்திரிகையைச் சுருட்டி எறிந்தாள். அது நேராகப் போய் தோகாரின் காப்பியில் விழுந்தது.

தோகார் அதை இரண்டு விரலால் எடுத்து உதறினான். "கத்தரிக்காய் கொஞ்சம் காரமா இருக்குன்னு நெனச்சேன், இபு. இப்ப இனிச்சிடும்."

தோகார் சுமத்ராக்காரன், பாத்தாக் இனம், நாற்பது வயது. பதினைந்து வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, முதலாளியைக் கிண்டல் பண்ணியதால் வேலை போனவன். இப்போது ஹப்சாரியின் உதவியாள், அவளை 'இபு', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவான். ஹப்சாரிக்கு ஐம்பத்திரண்டு. பாசிர்லாவாங் நீதிமன்றத்தில் பதினெட்டு வருஷம் சுருக்கெழுத்து எழுதியவள். அத்தனை வருஷமும் அடுத்தவர்கள் சொன்ன பொய்யை ஒரு எழுத்து பிசகாமல் எழுதியதில் சலித்துப்போய், துறைமுகத் தெருவில் டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் 'விசாரணை அலுவலகம்' என்று பலகை மாட்டிவிட்டாள். ஜாவாவின் வடகரையில் காணாமல் போன ஆள், காணாமல் போன கப்பல் சரக்கு, காணாமல் போன மாப்பிள்ளை எல்லாம் அவளிடம்தான் வரும்.

ஆனால் அதெல்லாம் எட்டு மணிக்கு மேல். எட்டு மணி வரைக்கும் அவள் ஏழாம் பக்கத்துக்குச் சொந்தம். மண்டி கலந்த கறுப்புக் காப்பி, சீவிய பென்சில், பதினைந்துக்குப் பதினைந்து கட்டம், கட்டத்துக்கு ஒரு ரோமன் எழுத்து. ஒரு குறிப்பு முதலில் முறைக்கும். இரண்டாம் தடவை படித்தால் பல்லைக் காட்டும். மூன்றாம் தடவை, சம்பந்தமே இல்லாமல் காப்பியை வாய்க்குக் கொண்டுபோகும்போது, விடை பொட்டென்று விழும். அந்த நொடிக்காகத்தான் இருபது வருஷமாக எழுந்திருக்கிறாள். குறுக்கெழுத்தின் கீழே 'எஸ்.' என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும். அது ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. தினமும் சண்டை போட்டு, தினமும் சமாதானமாகிற ஒரே ஆள் உலகத்தில் அந்த 'எஸ்.' தான்.

திங்கட்கிழமை அந்த ஆள் அவளை ஏமாற்றிவிட்டார். ஒன்றரை மணி நேரம். பென்சில் முறிந்தது. அந்த வேகத்திலேயே பத்திரிகைக்கு இரண்டு பக்கம் திட்டி எழுதித் தபாலில் போட்டாள். மறுநாளிலிருந்து சமையல் குறிப்பு.

"என் கடுதாசிக்குப் பயந்துக்கிட்டு நிறுத்திட்டானுங்களோ?" என்றாள்.

"இருக்கும். நீங்க திட்டினா எனக்கே ஊருக்குப் போயிடலாமான்னு தோணும்."

கதவு தட்டப்பட்டது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். சுங்க அலுவலகச் சீருடை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"என் பேரு நிங்ரும். எங்கப்பா பேரு சிஸ்வோயோ. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. 'சுலுஹ்' பேப்பர்ல ஏழாம் பக்கத்துல…"

"எஸ்.!" ஹப்சாரி எழுந்தே விட்டாள். "அவரா உங்கப்பா? நல்லதாப் போச்சு. திங்கட்கிழமை என்ன கண்றாவி அது? பழத்துக்குப் பழம் வித்தியாசம் தெரியாதா அவருக்கு? சர்க்கரை எப்படி இருக்கும்னு தெரியாதா? வயசானா ஓய்வு எடுக்கச் சொல்லுங்க!"

நிங்ரும் நாற்காலியில் உட்கார்ந்து விசும்பி அழுதாள். தோகார் தன் காப்பியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தப் போனான். உள்ளே பார்த்துவிட்டு மறுபடி தன் பக்கமே இழுத்துக்கொண்டான்.

"அதைப் போட்டது எங்கப்பா இல்ல," என்றாள் நிங்ரும். "அதைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. திங்கட்கிழமை மத்தியானமே போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. இடமிருந்து வலம் வர்ற விடை பன்னிரண்டையும் எடுத்து, முதல் எழுத்தை மட்டும் படிச்சுப் பாருங்க."

ஹப்சாரி மேசை இழுப்பறையிலிருந்து திங்கட்கிழமைத் தாளை எடுத்தாள். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஏழாவது எழுத்தில் அவள் விரல் நின்றது. பிறகு கடகடவென்று கடைசிவரை ஓடியது.

B-U-P-A-T-I M-A-L-I-N-G. புபாத்தி மாலிங்.

புபாத்தி ஒரு திருடன். மாவட்டத்தையே ஆளுகிற மனிதரை, அவர் மாவட்டத்துப் பத்திரிகையிலேயே. அரை வரி பிசகினால் பத்திரிகையின் உரிமம் பறிபோகிற வருஷங்கள் அவை.

"விடை தப்புன்னு புபாத்தி புகார் குடுத்தாரா, இல்ல சரின்னு குடுத்தாரா?" என்றான் தோகார்.

"வாயை மூடு." ஹப்சாரியின் முகம் சிவந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் அந்தக் கட்டங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். எல்லா எழுத்தையும் தன் கையால் எழுதியிருக்கிறாள். இது கண்ணில் படவே இல்லை.

"அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி," என்றாள் நிங்ரும். "தினம் ரெண்டு வேளை ஊசி போடணும். முதல் ரெண்டு நாள் என்னை உள்ள விடவே இல்ல. நேத்து ஒரே ஒரு ஊசி போட விட்டாங்க. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. ஆசிரியர் பிரசோஜோ வந்து ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. அவர், 'நான் குறுக்கெழுத்தைப் பார்க்கறதே இல்ல, அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல'ன்னு எழுதிக் குடுத்துட்டாராம்."

"கையெழுத்துத் தாள்? உங்கப்பா எழுதிக் குடுத்தது?"

"சனிக்கிழமை கவர்ல போட்டு ஆபீஸ்ல குடுத்தார். அச்சுக் கோத்ததும் தாளைக் குப்பையில போட்டுடுவாங்களாம்."

ஹப்சாரி திங்கட்கிழமைத் தாளை மறுபடி அருகே இழுத்தாள். அவள் கோபம் திசை மாறுவதைத் தோகார் பார்த்தான். முகத்தில் சிவப்பு இறங்கும், குரல் தணியும். அப்போதுதான் அவளிடம் உண்மையாகவே பயப்பட வேண்டும்.

"நாலு நாளா நான் தப்பான ஆளைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றாள். "தோகார், கடைசிக் குறிப்பைப் படி."

"பழம். உள்ளே கறுப்பு விதைகள் நிறைய. ஆறு எழுத்து." தோகார் கட்டத்தில் அவள் எழுதியிருந்த விடையைப் பார்த்தான். "G-E-D-A-N-G, கெடாங். இது வாழைப்பழமாச்சே! வாழைப்பழத்துக்குள்ள எங்க கறுப்பு விதை?"

"அதுக்குத்தான் பென்சிலை ஒடிச்சேன். நாலாவதைப் படி."

"சர்க்கரையின் ருசி. நாலு எழுத்து. அமிஸ்." தோகார் மூக்கைச் சுளித்தான். "மீன் கவிச்சியா? எந்தக் கடைச் சர்க்கரை இது?"

"நம்ம ஜாவாக்காரங்களுக்கு அமிஸ்னா கவிச்சி. கெடாங்னா வாழைப்பழம். ஆனா மேற்கே போ. பாண்டுங் பக்கம், சுந்தாக்காரங்க ஊர். அங்க அமிஸ்னா இனிப்பு. கெடாங்னா பப்பாளி."

நிங்ரும் நிமிர்ந்தாள்.

"உங்கப்பா வெளியூர் வார்த்தை போட்டா பக்கத்துலயே அடைப்புக்குள்ள சுந்தா, பாலி, மதுரான்னு குறிச்சிடுவார். இருபது வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல. இங்க குறிக்கவே இல்ல. ஏன்? இதைப் போட்டவனுக்கு அது வெளியூர் வார்த்தைன்னே தோணல. நாலாவது விடை 'ஏ'ங்கற எழுத்துல ஆரம்பிச்சாகணும், கடைசி விடை 'ஜி'யில. அவசரத்துல அவன் கைக்கு வந்தது அவன் அம்மா சோறு ஊட்டும்போது சொல்லிக் குடுத்த வார்த்தை."

தோகார் தொப்பியை எடுத்துக்கொண்டான். "அப்போ, அந்தப் பேப்பர் ஆபீஸ்ல பப்பாளி திங்கறவனைத் தேடணும்."

"பப்பாளியைத் தப்பான பேர் சொல்லித் திங்கறவனை."

*

தோகார் ஓட்டிய வெஸ்பா ஸ்கூட்டர் 'சுலுஹ்' அலுவலக வாசலில் நின்றபோது மணி பதினொன்று. தள்ளுவண்டியில் பொரித்த வாழைப்பழம் வாங்கினாள் ஹப்சாரி. எண்ணெய் ஊறிய பொட்டலத்தைத் தோகார் ஆசையாகப் பார்த்தான்.

"உனக்கில்ல."

மாடியில் அச்சுக் கோக்கும் கூடத்தின் மூலையில் ஒரு பெண் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். மேஸ்திரி அவளைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார். "எண்டாங் பலுபி. பக்கம் ஒட்டற பொண்ணு. கிழவரோட சேர்ந்து செஞ்சதா இவளையும் பன்னிரண்டு மணிக்குக் கூட்டிட்டுப் போக வர்றாங்க."

"எதை வச்சு?"

மேஸ்திரி வரவுப் பதிவேட்டைத் திறந்தார். ஞாயிறு மாலை. குறுக்கெழுத்து. கொண்டுவந்து கொடுத்தவர் என்ற பத்தியில் ஒரே பெயர்: எண்டாங்.

"எழுதினது யாரு? நீங்களா?"

"எனக்கு ஞாயிறு லீவு. மாத்து ஆளு ஒருத்தன், வந்தே ரெண்டு வாரம்தான். இங்க யாரையும் அவனுக்குத் தெரியாது. சட்டையில தொங்கற அட்டையைப் பார்த்துப் பேரை எழுதிக்குவான். பொண்டாட்டிக்குப் பிரசவம்னு மலையூருக்குப் போயிட்டான். அங்க போன் கிடையாது."

தோகார் ஹப்சாரியின் காதருகே வந்தான். "முடிஞ்சுது இபு. பதினஞ்சு வருஷம் பஸ்ல பார்த்துட்டேன். டிக்கெட் எடுக்காத பொண்ணுங்கதான் முதல்ல அழும்."

"டிக்கெட் எடுத்தும் நீ இறக்கிவிட்ட பொண்ணுங்க?"



ஹப்சாரி அந்தப் பெண்ணின் முன் போய் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "சாப்பிடும்மா. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே."

எண்டாங் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். "கெடாங் பொரிச்சதா? வேண்டாம் இபு. பல்லு வலி. ஞாயித்துக்கிழமை முழுக்க அந்தப் பல்லைப் பிடிச்சுக்கிட்டு வீட்லதான் படுத்திருந்தேன். சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. சாட்சி யாருன்னு கேக்கறாங்க. எங்க வீட்டுப் பூனைதான் சாட்சி."

"நீ எந்த ஊரு?"

"சோலோ. அசல் ஜாவாக்காரி."

"இதை வேற எதுனாலும் சொல்லிக் கூப்பிடுவியா?"

"கெடாங்கை வேற எப்படிக் கூப்பிடறது?" என்று அவள் முழித்தாள்.

"நான் நம்பறேன். முகத்தைக் கழுவிட்டு வா." ஹப்சாரி எழுந்தாள். பொட்டலம் தோகார் கைக்குப் போனது. "வாழைப்பழத்தை வாழைப்பழம்னு சொல்ற பொண்ணு இவ. குறுக்கெழுத்துக் கவர் வழக்கமா யார்கிட்டம்மா போகும்?"

"துணை ஆசிரியர் மேசைக்கு. பாக் யானா. அவர் பார்த்து அனுப்பினாத்தான் எங்களுக்கு வரும்."

"ஞாயிறு அன்னிக்கு அவர்கிட்டயிருந்து யாரோ ஒரு எண்டாங் வாங்கிட்டு வந்து குடுத்திருக்கா," என்றான் தோகார், வாய் நிறைய.

"ஊர்ல எத்தனை எண்டாங் இருக்காங்களோ," என்று மேஸ்திரி பெருமூச்சு விட்டார். "என் மச்சினி பேரே எண்டாங்தான்."

*

துணை ஆசிரியரின் கதவில் பித்தளைத் தகடு: எ. சுர்யானா. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் பாக் யானா, யானா ஐயா.

நாற்பத்தைந்து வயது, வழவழப்பான முகம், வழவழப்பான பேச்சு. ஹப்சாரியைக் கண்டதும் எழுந்து இரண்டு கையாலும் கை கொடுத்தார். பாசிர்லாவாங்கில் பிறந்தவன்கூட அவ்வளவு பணிவான ஜாவாமொழி பேச மாட்டான். மேசையில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. சோறு, வறுத்த மீன், மிளகாய்த் துவையல், பக்கத்தில் ஒரு கட்டு பச்சை இலை. வேகவைக்காத இலை. பச்சைக் கத்தரிக்காய் இரண்டு துண்டு.

"ஆட்டுக்குப் பொறாமை வரும்," என்றான் தோகார் மெதுவாக.

ஹப்சாரி சிரிக்கவில்லை. அந்த இலைகளையே பார்த்தாள்.

ஆசிரியர் பிரசோஜோவும் வந்து சேர்ந்தார். பெரிய உடம்பு. கைக்குட்டை கழுத்திலும் நெற்றியிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. "உரிமத்தைப் பத்தி நாளைக்குத் தலைநகர்லருந்து ஆள் வர்றாங்க. இந்தப் பத்திரிகை இருக்குமா இருக்காதான்னே தெரியல. நீங்க வேற எதுக்கு?"

"நிங்ரும் அனுப்பினா. அவங்கப்பா இதைப் போடல."

"அந்தப் பொண்ணு எண்டாங் போட்டிருப்பாளோன்னு எனக்கும் ஒரு சந்தேகம்," என்றார் சுர்யானா வருத்தமாக. "சின்னப் பொண்ணு. யாரோ தூண்டிவிட்டிருப்பாங்க. பாவம்."

"பாக் பிரசோஜோ, இந்த ஆபீஸ்ல சுந்தாக்காரங்க யாராவது உண்டா?"

"இங்கயா? ஒருத்தரும் இல்ல. எல்லாம் நம்ம ஆளுங்க."

"பச்சை இலையைத் துவையல்ல தொட்டுத் திங்கறது நம்ம ஆளுங்க பழக்கமா?"

சுர்யானா டப்பாவை மூடினார். "டாக்டர் சொன்னார். வயித்துக்கு நல்லதாம்."

"உங்க பேருக்கு முன்னால இருக்கற அந்த 'எ' என்ன?"

"எடி."

"எடி சுர்யானா. நல்ல பேர். பத்திரிகையாளர் அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கு?" சுர்யானாவின் கை சட்டைப்பையைப் பொத்தியது. அட்டையின் கிளிப் வெளியே தெரிந்தது, அட்டை உள்ளே இருந்தது.

தோகார் மென்றதை விழுங்கினான். "டிக்கெட் இருக்கறவன் பையைத் தொறப்பான். இல்லாதவன் பொத்திக்குவான்."

"யானா, காட்டிட்டுப் போயேன்," என்ற பிரசோஜோ, பழக்க தோஷத்தில், தானே கையை நீட்டி அட்டையை இழுத்தார். படித்தார். கைக்குட்டை நெற்றியிலேயே நின்றது. "எண்டாங்… எண்டாங் சுர்யானா?"

"அது பொம்பளைப் பேராச்சே!" தோகார் கத்திவிட்டான்.

"இங்க பொம்பளைப் பேரு," என்றாள் ஹப்சாரி. "சுந்தாக்காரங்க ஊர்ல ஆம்பளைக்கு வைக்கற பேரு. அதே எல்லையைத் தாண்டினா வாழைப்பழம் பப்பாளி ஆகுது, கவிச்சி இனிப்பு ஆகுது, எண்டாங் மீசை வச்சுக்குது. பதிவேட்டுல மாத்து ஆளு எழுதினது பொய் இல்ல. அவன் கண்ணு முன்னால தொங்கின பேரைத்தான் எழுதினான்."

சுர்யானா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு புன்னகைத்தார். 

"சரி, எங்கப்பா எனக்கு வச்ச பேர் அது. இங்க வந்தா பொண்ணு பேர்னு சிரிக்கறாங்க, அதனால சொல்லிக்கறதில்ல. அது ஒரு குத்தமா? சிஸ்வோயோ குடுத்த கவரை நான்தான் கீழ கொண்டுபோய்க் குடுத்தேன். பிரிக்கக்கூட இல்ல. அவர் என்ன எழுதியிருந்தாரோ எனக்கென்ன தெரியும்? சுந்தா வார்த்தை அவருக்குத் தெரியாதா? குறுக்கெழுத்துப் போடறவருக்கு எல்லா வார்த்தையும் தெரியும்."

பிரசோஜோ தலையாட்டினார். அது சரிதானே என்பதுபோல. வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது.

ஹப்சாரி திங்கட்கிழமைத் தாளை மேசைமேல் விரித்தாள். கோபத்தை அடக்க அவள் முயலவே இல்லை.

"சிஸ்வோயோ போட்டதா இது? இது குறுக்கெழுத்தா? குப்பை! ரெண்டெழுத்து வார்த்தை எட்டு இடத்துல. ஒரு மூலையில கறுப்புக் கட்டமா அள்ளிக் கொட்டியிருக்கு, சட்டியில அடிப்பிடிச்ச மாதிரி. குறிப்புல நெளிவு கிடையாது, சிரிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்துப் பையன் இதைவிட ஒழுங்காப் போடுவான். ரகசியமாம் ரகசியம்! மாடு வந்து மேய்ஞ்சாக்கூடக் கண்டுபிடிச்சிடும். இதைப் போட்ட மடையனுக்கு…"

"மாடா?" சுர்யானாவின் வழவழப்பு எங்கோ போய்விட்டது. "மாடு கண்டுபிடிக்கும், நீங்க கண்டுபிடிச்சீங்களா? உங்க கடுதாசியை நான் படிச்சேன்! பப்பாளியைப் பத்தி ரெண்டு பக்கம். புபாத்தியைப் பத்தி ஒரு வரி உண்டா? பன்னிரண்டு எழுத்து, பன்னிரண்டையும் நெத்தியில ஒட்டின மாதிரி வச்சிருந்தேன். இருபதாயிரம் பேர் வாங்கறான். ஒருத்தன், ஒரே ஒருத்தன் பார்த்தானா? பத்து மணி வரைக்கும் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில நானே…"

நிறுத்தினார்.



"நீங்களே போன் பண்ணி புபாத்தி ஆபீஸுக்குச் சொன்னீங்க," என்று ஹப்சாரி முடித்தாள்.

பிரசோஜோ நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு யானா?"

"எதுக்கா?" சுர்யானாவின் குரல் உடைந்து கத்தலானது. "பதினோரு வருஷமா உன் தலையங்கத்தை எழுதறவன் நான். மேடையில மாலை வாங்கறவன் நீ! நாளைக்கு வர்றவங்க உன்னை எடுத்துட்டு என் பேரைப் போட்டிருப்பாங்க. பத்திரிகையும் பிழைச்சிருக்கும்."

"அந்தக் கிழவர்?" என்றாள் ஹப்சாரி.

"ரெண்டு அதட்டு அதட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். கட்டம் போடற ஆளை யார் என்ன பண்ணப் போறாங்க?"

ஹப்சாரி மேசையை உள்ளங்கையால் அறைந்தாள். டப்பா மூடி தெறித்துக் கீழே விழுந்தது. "ஊசி இல்லாம ரெண்டு நாள்! காலு வீங்கிக் கெடக்கறார் அந்த மனுஷன். அவர் மாட்டினது போதாதுன்னு, உங்க பேரையே சுமந்துக்கிட்டு ஒரு பொண்ணு கீழ அழுதுக்கிட்டு இருக்கா. உங்களுக்கு உள்ள எறங்குதா இந்தச் சோறு?"

கதவு திறந்தது. இரண்டு போலீஸ்காரர்கள். முன்னால் வந்தவர் கையில் காகிதம். "எண்டாங்குங்கறது யாரு?"

"இதோ நிக்கறார்," என்றான் தோகார். "கூட்டிட்டுப் போங்க. பேரு சரியாத்தான் இருக்கு."

*

ஜீப் கிளம்பிய பிறகு ஹப்சாரி பிரசோஜோவை விடவில்லை. நடந்ததை அவர் கையாலேயே எழுதவைத்து, கையெழுத்து வாங்கி, அவரை வெஸ்பாவின் பின்னால் ஏற்றிக் காவல் நிலையத்துக்கு அனுப்பினாள். வெஸ்பா அந்த எடைக்கு முனகியது. அதை ஓட்டிய தோகாரும் முனகினான்.

மாலை நாலு மணிக்கு சிஸ்வோயோ வெளியே வந்தார். மெலிந்த மனிதர், எழுபதை நெருங்கிய வயது, செருப்பில் நுழையாத கால். நிங்ரும் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். ஹப்சாரி முன்னால் போனாள். 

"நான் ஹப்சாரி. திங்கட்கிழமை உங்களைத் திட்டி எழுதினது நான்தான்."

"நிங்ரும் சொன்னா." குரல் மெலிவாக இருந்தாலும் கண்ணில் தீ இருந்தது. "நீங்க ஒருத்தராவது இது என் வேலை இல்லன்னு நெனச்சிருக்கலாம்."

 அவர் சொன்னது அத்தனையும் நியாயம்.

பிரசோஜோ பழக்கூடையோடு ஓடிவந்தார். "மன்னிச்சுக்கணும் பாக் சிஸ்வோயோ. ஒரு தப்பு நடந்துபோச்சு. எல்லாம் சரியாயிடுச்சு. தலைநகர்க்காரங்ககிட்டயும் பேசிட்டேன். வாசகருங்க கத்தரிக்காயை நிறுத்துன்னு போன் மேல போன். நாளைக்கே மறுபடி ஆரம்பிச்சுடலாம்."

"நீங்க எழுதிக் குடுத்ததை என்கிட்ட காட்டினாங்க," என்றார் சிஸ்வோயோ. "'நான் குறுக்கெழுத்தைப் பார்ப்பதில்லை.' உங்க கையெழுத்து."

"அது… போலீஸ்காரங்க முன்னால… என்ன பண்றது…"

"இருபத்திரண்டு வருஷம் உங்க பத்திரிகையில போட்டிருக்கேன். ஒண்ணாவது போட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"நேரம் எங்க இருக்கு, பாக்?"

சிஸ்வோயோ மகளின் கையை விலக்கிவிட்டுத் தனியாக நின்றார். உடம்பு ஆடியது. "இனிமே நேரம் இருக்கும். நான் கவர் குடுக்க மாட்டேன். தினமும் நானே தாளைக் கொண்டுவருவேன். நீங்க என் முன்னால உட்கார்ந்து, பேனாவால, முழுசா போடணும். போட்டு முடிச்சு, கீழ உங்க கையெழுத்தை வைக்கணும். அதுக்கப்புறம்தான் அச்சுக்குப் போகும். முடியாதுன்னா கத்தரிக்காயே வதக்குங்க."

"பேனாவாலயா?" என்றார் பிரசோஜோ பரிதாபமாக.

பழக்கூடையைச் சிஸ்வோயோ வாங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆசிரியர் அறையில் நாலு பேர். சிஸ்வோயோ வீங்கிய காலை ஒரு முக்காலியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஹப்சாரி ஜன்னலோரம் நின்றாள். அவள் வந்தது நாளைய கட்டத்தை ஊருக்கு முன்னால் பார்த்துவிடலாம் என்றுதான். தோகார் வேடிக்கை பார்க்க வந்திருந்தான், மறைக்கவும் இல்லை. பிரசோஜோ பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடி, மறுபடி கழற்றினார்.

"ஒன்று, இடமிருந்து வலம்," என்று வாய்விட்டுப் படித்தார். "ஏறி உட்கார்ந்தவனுக்கு இறங்க மனசு வராது. ஐந்து எழுத்து."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"குதிரையா?"

"குதிரைக்கு நாலு எழுத்து," என்றார் சிஸ்வோயோ.

"மரம்?"

"மரம் இல்ல. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சது."

தோகார் வாயைத் திறந்தான். ஹப்சாரி அவன் காலை மிதித்தாள். அவளுக்குப் படித்த உடனேயே விழுந்துவிட்டது. நாலு நாளாக ஏங்கிக் கிடந்த அந்தப் பொட்டென்ற சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. ஆனாலும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள். ஊசி இல்லாத இரண்டு நாளை அவள் மறக்கவில்லை. இந்த மனுஷன் சாயங்காலம் வரைக்கும் இங்கேயே கிடக்கட்டும்.

பிரசோஜோ சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.  யோசனை பிடிபடாத தவிப்பில் அந்தப் பெரிய உடம்பை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்த்தார். அவருக்குக் கீழே நாற்காலி க்ரீச்சென்று கத்தியது.

அவர் காதில் அது விழவில்லை.